மாமா குடித்த காளான் கஷாயம்

தோசைக்கல் அளவுக்கு இருந்தது அந்தக் காளான். எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து மூன்று தெரு தள்ளி, வெட்டுப்பட்ட ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் அடிக்கட்டையில், தரைக்கு ஒரு சாண் மேலே, யாரோ செருகிவைத்த தட்டைப்போல நீட்டிக்கொண்டிருந்தது. மேல்புறம் வார்னிஷ் அடித்ததுபோலப் பளபளத்தது, கருஞ்சிவப்பு நிறம். ஓரம் மட்டும் வெண்ணெய் வெள்ளை. என் மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் குந்தியிருந்தார். தொடவில்லை. காலை நடைக்குப் போனவர் பாதியில் திரும்பி வந்து, “அடுப்ப அணைச்சிட்டு வாம்மா, சீக்கிரம்” என்று என்னைச் சமையலறையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்திருந்தார். பக்கத்தில் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்து, “நீ தேடிகினு இருக்கறது இதுவான்னு பாரு” என்றார். இதுவேதான். அடிப்புற வெள்ளையில் விரல் நகத்தால் ஒரு கோடு இழுத்தேன். கோடு உடனே பழுப்பாக மாறியது. அவர் சின்னப் பிள்ளையைப்போலச் சிரித்தார்.

கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்த பிறகுதான் நான் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தேன். பஸ்ஸில் ஒன்றரை மணிநேரம் போனால் பல்கலைக்கழகம். மரக்காளான்களில் புற்றுநோயைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. பல நாடுகளில் காலங்காலமாக மருந்தாகப் பயன்பட்ட காளான்கள்தாம் அவை. சில இடங்களில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் துணையாகவும் அவற்றிலிருந்து எடுத்த பொருள்களைக் கொடுக்கிறார்கள். வேறெங்கோ போய் அலைய வேண்டாம், உங்கள் ஊரில் கிடைப்பதையே முதலில் சேகரியுங்கள் என்று என் வழிகாட்டிப் பேராசிரியை சொல்லியிருந்தார். டவுன்ஷிப்பில் அப்போது அதற்குப் பஞ்சமே இல்லை. ‘தானே’ புயல் ஒரே நாளில் சாய்த்துவிட்டுப்போன மரங்களின் அடிக்கட்டைகள் தெருவுக்குத் தெரு கிடந்தன. புயல் போய் மூன்று நான்கு மழைக்காலம் கழிந்ததும், உளுத்துப்போன அந்தக் கட்டைகளில் காளான்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டத் தொடங்கின.

மாமாவுக்குக் கம்மாபுரம் பக்கம் சொந்த ஊர். சுரங்கத்துக்கு நிலம் போன குடும்பம். அதற்குப் பதிலாக வந்த பெர்மனன்ட் வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் நிலக்கரிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் ஓட்டினார். ஒரு தெருவையே தூக்கி நிறுத்தியதைப் போன்ற அந்த இயந்திரத்தின் உச்சியில், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டே இருந்த மனிதர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்குக் கைகால் சும்மா இருக்கவில்லை. என் கணவருக்கும் இங்கேயே வேலை கிடைத்திருந்ததால், மகனின் குவார்ட்டர்ஸில் அவரும் அத்தையும் எங்களோடு இருந்தார்கள். காளானைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவருக்கு மறுபடியும் ஷிப்ட் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. காலை ஆறு மணிக்கு சைக்கிளை எடுத்தால் ஒன்பதுக்குத்தான் வீடு. ஒரு பழைய டைரியில் எழுதிக்கொண்டு வருவார்: பதினாறாம் பிளாக், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், வேம்பு, சின்னது, இன்னும் பத்து நாள் விட வேண்டும். அவர் எழுத்தைப் படித்துத்தான் நான் மாதிரிகளுக்குப் பெயரிட்டேன். என் ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர் பெயருக்கு எதிரே ‘களச் சேகரிப்பு’ என்று போட்டதை யாரும் மரியாதைக்காக என்று நினைக்க வேண்டியதில்லை. உண்மையாகவே அவர் செய்த வேலை அது.

ஆய்வுக்கூடத்தில் என் வேலை எளிமையாகத் தொடங்கியது. காளானைக் காயவைத்து, பொடித்து, எரிசாராயத்தில் ஊறவைத்து, வடிகட்டிச் சுண்டவைப்பேன். கண்ணாடிப் புட்டிகளில் வளர்க்கிற புற்றுநோய்ச் செல்களைச் சின்னச் சின்னக் குழிகள் கொண்ட தட்டில் பிரித்துவிட்டு, அந்தச் சாற்றைத் துளித்துளியாகச் சேர்ப்பேன். இரண்டு நாள் கழித்து ஒரு மஞ்சள் சாயத்தை ஊற்றினால், உயிரோடு இருக்கும் செல்கள் அதை ஊதாவாக மாற்றும். செத்த செல்கள் மாற்றாது. தட்டில் மஞ்சள் அப்படியே நின்றால் எனக்குக் கொண்டாட்டம். அப்படியொரு நாள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், “மாமா, உங்க தூங்குமூஞ்சிக் காளான் போட்டேன், எல்லாம் செத்துப்போச்சு” என்று கத்தினேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். “கேன்சரா?” என்றார். “ஆமா மாமா, கேன்சர் செல்லுதான்” என்றேன். பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. தட்டில் ஒரு செல்லைக் கொல்வது பெரிய காரியமே இல்லை. பாத்திரம் துலக்கும் சோப்புத்தூளும் அதைச் செய்யும் என்று அன்று நான் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை என்பதைவிட, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல மனசு வரவில்லை என்பதே சரி.

பிறகு ஒரு செய்தித்தாளில் படத்தோடு வந்தது. நெய்வேலி மரக்காளானில் புற்றுநோய்க்கு மருந்து என்று தலைப்பு. பேட்டி எடுக்க வந்தவரிடம் நான் ‘ஆரம்பக் கட்ட ஆய்வு’ என்று இரண்டு முறை சொன்னேன். அச்சில் அந்த வார்த்தைகள் இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டுத் திருத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் படம் நன்றாக வந்திருந்தது. மாமா அதை லேமினேட் செய்து டிவிக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். பால் வாங்கப் போகிற இடத்தில், கோயிலில், ஓய்வு பெற்றவர்கள் கூடும் மரத்தடியில் எல்லாம், “எங்க மருமக கேன்சருக்கு மருந்து கண்டுபுடிக்குது” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். யாருக்கோ கல்லீரலில், யாருடைய தம்பிக்கோ தொண்டையில். நான் பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கும் நேரத்தில் வந்தவர்களை அவரே உட்காரவைத்து, டீ கொடுத்து, சேகரித்ததில் மிஞ்சிய காளானைத் துண்டு போட்டுக் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருக்கிறார். கைமாறாக எதையும் வாங்கியதில்லை. இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் முழுதாகத் தெரியும். ஆனால் அரைகுறையாக அப்போதே தெரியும். ஒரு நாளை மட்டும் என்னால் மறைக்க முடியாது.

அன்று காலை நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கம்மாபுரத்துக்கு அந்தப்பக்கம் ஒரு ஊரிலிருந்து ஒரு பெண் தன் கணவரோடு வந்திருந்தார். கணவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. அந்த அக்காவுக்கு மார்பில் கட்டி. அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். வாசல் கேட்டருகே என்னை மறித்து, “கத்தி வைக்காம சரியாவுமா, மேடம்?” என்று கேட்டார். “இது ஆராய்ச்சிதான் அக்கா, மருந்து இல்ல. டாக்டர் சொல்றத கேளுங்க” என்று நடந்துகொண்டே சொன்னேன். நிற்கவில்லை. பஸ் வந்துவிடும். நிறுத்தத்தில் நின்று திரும்பிப் பார்த்தபோது, அந்த அக்கா எங்கள் வீட்டிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்தார். அதற்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். திரும்பிப் போக நூறடிதான். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

மறு வருடம் சித்திரையில் மாமா கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வெயில் கொளுத்துகிறது, வீட்டுக்குள் ஃபேன் அனலை அள்ளி வீசுகிறது, இவர் துண்டை எடுக்கமாட்டேன் என்கிறார். அத்தை கேட்டால் சளி, நான் கேட்டால் புழுக்கத்துக்கு வியர்வை துடைக்க. ஆளும் இளைத்திருந்தார். வயதாகிறது என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். ஒருநாள் தேர்வுக் கண்காணிப்பு முடிந்து மதியமே வீட்டுக்கு வந்தேன். அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். கதவைத் திறந்ததும் அந்த வாசனை. மூன்று வருடமாக என் உடையிலும் தலைமுடியிலும் ஏறிக்கிடந்த வாசனை. ஈர மண்ணும் கசப்பும் கலந்தது. ஆய்வுக்கூடத்தில் வர வேண்டியது என் சமையலறையில் வந்தது. மாமா ஒரு பழைய வேட்டித் துணியில் கருப்புக் கஷாயத்தை வடிகட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன மாமா இது?”

“தெரியாத மாதிரி கேக்கற. உன்னோடதுதான்.”

“யாருக்கு?”

அவர் கழுத்திலிருந்த துண்டை மட்டும் எடுத்தார். இடதுபக்கக் கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. அதன் கீழே சின்னதாக இன்னும் இரண்டு. பீரோவில் வேட்டிகளுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். தை மாதமே கட்டியிலிருந்து துண்டெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய். உடனே பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லி எழுதியிருந்தது. துணைக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, மகன் ஷிப்டில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

“ஏன் மாமா எங்ககிட்ட சொல்லல?” என்று கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அழாத. ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுத்தேன் இல்ல? எனக்குன்னு வந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினா அவங்கல்லாம் என்னா நெனைப்பாங்க? என்ன வுடு. உன்ன என்னா நெனைப்பாங்க?”

என் மானத்தைக் காப்பாற்ற அவர் நான்கு மாதமாகக் கசப்பைக் குடித்துக்கொண்டிருந்தார். அது மனிதர்களுக்கான மருந்தாக இன்னும் ஆகவில்லை என்று அழுதுகொண்டே சொன்னேன். “பேப்பர்ல போட்டானே” என்றார். செத்துப்போச்சு என்று நீதானே ஓடி வந்து சொன்னாய் என்றார். அன்று மாலை என் கணவர் கெஞ்சினார், அத்தை சாப்பிடாமல் கிடந்தார், எதற்கும் அவர் அசையவில்லை. இன்னும் இரண்டு மாதம் குடித்துப் பார்க்கிறேன், கட்டி கொஞ்சம் இளகின மாதிரிதான் இருக்கிறது என்றார். மறுநாள் காலை அவரிடம் வேறு எதையும் பேசாமல், “என்னோட லேபுக்கு ஒரு தடவ வாங்க மாமா” என்று மட்டும் கூப்பிட்டேன். அதுவரை அவர் அங்கே வந்ததில்லை. வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

ஆய்வுக்கூட வாசலில் செருப்பை விட்டுவிட்டு, என் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டார். கோட்டின் கை முழங்கையோடு நின்றது. பேராசிரியையிடம் அனுமதி கேட்டு, மூன்று தட்டுகளைத் தயாராக வைத்திருந்தேன். முதல் தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். வாழ்நாள் முழுக்க மீட்டர்களைப் பார்த்தே பழகிய கண். திருகிச் சரிசெய்ய அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

“பாசி மாதிரி ஒட்டிகினு இருக்குது.”

“அது கேன்சர் செல், மாமா. எதுவும் போடாதது.”

இரண்டாவது தட்டு. செல்கள் உருண்டு, ஒட்டு விட்டு, நொய்யரிசியைப்போல மிதந்தன. “செத்துப்போச்சு” என்றார். குரலில் பழைய பெருமை எட்டிப் பார்த்தது. “உங்க காளான் போட்டது” என்றேன். மூன்றாவது தட்டை வைத்தேன். அதிலும் உருண்டு மிதந்தன. அவர் வெகுநேரம் பார்த்தார்.

“இது எந்த கேன்சரு?”

“கேன்சர் இல்ல மாமா. நல்ல செல். நம்ம எல்லாரோட உடம்புலயும் இருக்கிறது. அதே சாறு, அதே அளவு.”

அவர் கண்ணை எடுக்கவில்லை. “இதுவும் செத்துகெடக்குதே.”

“ஆமா.”

“இத ஏம்மா வூட்ல சொல்லல?”

அவர் நிமிர்ந்து, அலமாரியில் வரிசையாக இருந்த என் புட்டிகளையும், அவர் கையெழுத்தைப் பார்த்து நான் ஒட்டிய சீட்டுகளையும் ஒருமுறை பார்த்தார். “அப்ப இத்தினி வருஷமா நீ என்னாதான் செஞ்சிகினு இருக்க?” என்றார். கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஒரு காளானுக்குள் நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்துகிடக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். நோயை அடித்து நல்லதை விட்டுவைக்கிற ஒன்று அதில் இருக்கிறதா என்று தேட வேண்டும். இருந்தால் எலிக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும், பிறகுதான் மனிதருக்கு. பெரும்பாலானவை பாதிவழியிலேயே விழுந்துவிடும் என்று சொன்னேன். எனக்கே புரியாத வார்த்தைகளைத் தவிர்த்துச் சொன்னது அன்றுதான் முதல்முறை.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தார். “கரி எடுக்கணும்னா மொதல்ல மேல இருக்கற மண்ண எடுக்கணும். பன மரம் உயரத்துக்கு, அதுக்கும் மேல, எடுத்துகினே இருக்கணும். நான் சர்வீஸ்ல பாதிக்கு மேல மண்ணுதான் எடுத்தேன். நீ இன்னும் மேல்மண்ணுதான் எடுத்துகினு இருக்க. கரி கண்ணுல படல. அவ்வளவுதான?”

“அவ்வளவுதான் மாமா.”

“இத சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமே” என்றார். திட்டியிருந்தால் எனக்கு இத்தனை வலித்திருக்காது. வீட்டுக்கு வந்ததும் நேராகப் போய் டிவிக்கு மேலிருந்த செய்தித்தாள் துண்டைக் கழற்றினார். மகனைக் கூப்பிட்டு, “எப்ப போவலாம்?” என்று கேட்டார்.

சிகிச்சை மூன்று வாரத்துக்கு ஒருமுறை. அதில் ஒரு மருந்து நல்ல சிவப்பு. முதல்நாள் அது குழாயில் இறங்குவதைப் பார்த்து, “என்னா இது, குங்குமத் தண்ணியாட்டம்?” என்றார். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து கண்டெடுத்தது என்று சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார். “கடைசியில மண்ணுதான் வந்து நிக்குது.” இன்னொரு மருந்து நித்தியகல்யாணியிலிருந்து வந்தது, எங்கள் தெரு வேலியோரம் பூத்துக்கிடக்கும் அதே செடி. அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “இதுக்கும் எத்தினி பேரு எத்தினி வருஷம் மேல்மண்ணு எடுத்தாங்களோ” என்றார். அந்த மருந்தால் விரல் நுனிகள் மரத்துப்போயின. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தினமும் காலையில் அத்தையிடம் நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்பார். பெரிய இயந்திரத்தை விரலசைவில் திருப்பியவர். அத்தை பொத்தானைப் போட்டுவிட்டு, காலரைச் சரிசெய்வார். மூன்றாவது முறை போனபோது கழுத்துக் கட்டி தடவினால்தான் தெரியும் என்கிற அளவுக்குக் குறைந்திருந்தது.

அப்போதுதான் ஒருநாள் காலை என்னைக் கூப்பிட்டு டைரியை நீட்டினார். காளான் இருக்கிற இடங்கள் எழுதிய அதே டைரி. பின்பக்கத்தில் ஏழு பெயர்கள். “இவங்களுக்கெல்லாம் குடுத்திருக்கேன். போய் சொல்லணும்.” போனில் சொன்னால் போதாதா, உடம்பு இருக்கிற நிலைமையில் அலைய வேண்டுமா என்று என் கணவர் கேட்டார். “குடுத்தது நேர்லதானே?” என்றார் மாமா. ஞாயிற்றுக்கிழமைகளில் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தார். பாதிப் பேர் கஷாயத்தை ஒருவாரம் குடித்துக் கசப்பு தாங்காமல் எறிந்திருந்தார்கள். ஒருவர் மருத்துவமனைச் சிகிச்சையோடு சேர்த்துக் குடித்திருந்தார். அதை உடனே டாக்டரிடம் சொல்லச் சொன்னேன். குள்ளஞ்சாவடியில் ஒருவர், நீங்கள் என்னவோ பெரிதாகக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம் என்று சிரித்து, ஜூஸ் வாங்கிக்கொடுத்து அனுப்பினார். கடைசியாக அந்த அக்காவின் ஊருக்குப் போனோம்.

அக்கா வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சேலையை உடம்பைச் சுற்றி இறுக்கிப் போர்த்தியிருந்தார். மாமாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “வாங்கண்ணா. ஒரு வேள கூட வுடல. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. தீந்துபோச்சின்னு நானே ஒங்கள பாக்க வரலான்னு இருந்தேன்.” எழுந்தபோது கை தூக்க முடியாமல் வலியில் உதட்டைக் கடித்ததை நான் பார்த்தேன்.

மாமா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். ஒரு முடிகூட இல்லாத தலையைக் குனிந்து காட்டினார். “எனக்கும் வந்துடுச்சி தங்கச்சி. நானும் அதத்தான் நாலு மாசம் குடிச்சேன். கேக்கல. கட்டி வளந்துகினேதான் போச்சி. ஊசி போட்ட பொறவுதான் கரையுது. நான் உனுக்குத் தப்பா குடுத்துட்டேன். நாளைக்கே கெளம்பு, நாங்களே கூட வர்றோம்.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “அன்னிக்கே நீங்க சொன்னீங்க இல்ல, மேடம்? ஆசுபத்திரிக்கு போன்னு. நாந்தான் கேக்கல.” நடந்துகொண்டே, நிற்காமல், பஸ்ஸை நினைத்துக்கொண்டு நான் சொன்ன ஒரே வாக்கியத்தை அவர் ஒரு வருடத்துக்கும் மேலாக நினைவில் வைத்திருந்தார். தன்மேலே பழியைப் போட்டுக்கொண்டு என்னை விடுவித்தார். அதை வாங்கிக்கொள்ள முடியாமல், “இல்லக்கா, நான் ஒழுங்கா சொல்லல” என்றேன். அது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

மறுநாள் எங்களோடு வந்தார். நோய் எலும்புக்குப் போயிருந்தது. இருந்தாலும் சிகிச்சையால் ஏறக்குறைய இரண்டு வருடம் இருந்தார். வலி குறைந்து, மகளின் கல்யாணத்தில் தானே நின்று பந்தி கவனித்தார். இருவரின் சிகிச்சை நாளும் ஒன்றாக விழுந்தபோதெல்லாம் மாமாவும் அவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவர்கள் ஊர்ப் பக்கத்தில் எந்த வயல் சுரங்கத்துக்குள் போனது, எந்தக் கிணற்றில் தண்ணீர் இனித்தது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அக்கா இறந்துபோன அன்று மாமாவை அழைத்துக்கொண்டு போனேன். அக்காவின் கணவர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லண்ணா. அந்தக் கஷாயம் குடிச்ச வரைக்கும் அவ தைரியமாத்தான் இருந்தா” என்றார். ஆறுதலுக்காகச் சொன்னது. மாமா தலையை ஆட்டினார். “அந்தத் தைரியந்தாம்பா அவள ஆசுபத்திரிக்குப் போவவுடல” என்றார்.

மாமாவுக்கு நோய் திரும்பவில்லை. சைக்கிளை மறுபடி எடுத்தார். காளானையும் விடவில்லை, ஆனால் கண்டதை நேராக என் பையில் மட்டும் போட்டார். வீட்டில் ஒரு துண்டுகூட வைத்துக்கொள்ள விடவில்லை. நான் பட்டம் முடித்து ஒரு கல்லூரியில் சேர்ந்து, அங்கே ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தை உருட்டிப் பிரட்டித் தொடங்கினேன். ஒரு முந்திரி மரத்தின் அடியிலிருந்து அவர் எடுத்துக்கொடுத்த, ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சமே பெரிதான ஒரு காளான். அதிலிருந்து பிரித்த பதினேழாவது பொருளைத் தட்டில் போட்ட வாரத்தில், புற்றுநோய்ச் செல் குழிகள் மஞ்சளாகவே நின்றன. பக்கத்தில் நல்ல செல் குழிகள், ஒன்றிரண்டைத் தவிர, கத்திரிப்பூ நிறத்தில் நிறைந்திருந்தன. யாரிடமும் சொல்லாமல் அதை மறுபடி செய்தேன். பிறகு மறுபடி. மூன்றாவது முறையும் அப்படியே வந்த அன்று, மாடிப்படியில் உட்கார்ந்து மாமாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

“மாமா, நல்லது பொழைச்சிருக்கு.”

மறுமுனையில் சைக்கிளை ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. “எத்தினி தடவ பாத்த?”

“மூணு.”

“சரி. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேம்மா.”

அந்தப் பொருள் இன்னும் மருந்தாகவில்லை. தண்ணீரில் கரைய மறுக்கிறது. கரைய வைக்க முயன்றால் குணம் மாறுகிறது. என் மாணவர்கள் இரண்டு பேர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே நல்ல செல் தட்டைத்தான் காட்டுகிறேன். வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று கேட்கிறேன். சொல்லிப் பழகச் சொல்கிறேன். பட்டம் வாங்கும்வரை என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. டவுன்ஷிப்பில் புயல் சாய்த்த மரங்களின் கட்டைகள் இப்போது இல்லை. உளுத்து மண்ணோடு போய்விட்டன. அந்த இடங்களில் வைத்த கன்றுகள் மின்கம்பியைத் தொடுகின்றன. தேடிப் பார்த்தால்தான் ஒரு காளான் அகப்படுகிறது.

மாமா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மாரடைப்பு. காலையில் பல் துலக்கிவிட்டு வந்து உட்கார்ந்தவர் சாய்ந்துவிட்டார். கருமகாரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு, நானும் அத்தையும் அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தோம். கூடம் நிறைய ஆட்கள் வந்து போயிருந்தார்கள். பால்காரர், கோயில் குருக்கள், மரத்தடி நண்பர்கள். ஒருவர்கூட என்னிடம் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஐம்பது வருடம் கூடவே வாழ்ந்த அத்தையிடமாவது சொல்லியிருப்பார் என்று நினைத்து, “மாமா உங்ககிட்ட அந்த முந்திரிக் காளானப் பத்தி ஏதாவது சொன்னாரா அத்தை?” என்று கேட்டேன்.

அத்தை மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“முந்திரிக் காளானா? ஒண்ணும் சொல்லலியே. ஏம்மா, என்னா சமாச்சாரம்?”